காலை வேலைக்கு ஆள்

ஒன்பது வயதில், முழு சுயநினைவோடு, அப்பாவுக்குப் போகவேண்டிய தேத்தண்ணிப் பையைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போனேன். என் பள்ளிக்கூடப் பையை அப்பாவுக்கு வைத்துவிட்டுப் போனேன். மறதியால் இல்லை. எனக்கு மறதி என்று பெயர் வரவேண்டும் என்பதற்காக. முந்தின நாள் மாலை, வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்று, ஒன்றும் விளங்காத முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒத்திகையும் பார்த்தேன். அந்த முகம் எனக்கு இயல்பாகவே உண்டு, ஒத்திகை வீண் என்று பிற்பாடு பலர் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் எத்தனையோ பரிசுக்கு ஆசைப்பட்டிருப்பார்கள். மந்த புத்திக்கு ஆசைப்பட்ட வகையில் எனக்குப் போட்டியாளர் குறைவு.

காரணம், எங்கள் நாலாம் வகுப்பில் படித்த ஒரு பிள்ளை. மேல் லயத்து, அதாவது மேட்டில் இருந்த தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளை. அவள் மீது எனக்கு இருந்த பொறாமையை இரண்டு பாகமாகப் பிரிக்கலாம். முதல் பாகம், அவள் கெட்டிக்காரியாக இருந்தபோது. இரண்டாம் பாகம், அவள் அப்படி இல்லாமல் போனபோது. முதலாவது எல்லாருக்கும் வருவது. இரண்டாவதுதான் எனக்கென்று வந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. இலங்கை மலைநாட்டில், தலவாக்கலையில் பஸ் ஏறி, இறங்கி, மறுபடி ஏறவேண்டிய தேயிலைத் தோட்டம். அப்பா அங்கே கணக்கப்பிள்ளை. அதாவது விடிந்ததும் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி, இன்றைக்கு யார் எந்த மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவது, யார் மழைத்தண்ணீர்க் கான் வெட்டுவது, யார் புல்லுக்குப் போவது என்று பிரித்துவிட்டு, பிறகு பகல் முழுக்க அவர்கள் பின்னால் நடப்பவர். நாங்கள் லயத்தில் இல்லை, தனிவீட்டில் இருந்தோம். வீட்டுக்கு முன்னால் டேலியாப் பூ இருந்தது. இந்தத் தகுதிகளெல்லாம் பள்ளிக்கூடத்தில் செல்லும் என்று நான் நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடம் ஒரே மண்டபம். ஐந்து வகுப்பு, ஒரு டீச்சர். டீச்சருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஹட்டன் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். பிரம்பு வைத்திருந்தார், ஆனால் அதை ஜன்னலுக்கு முட்டுக்கொடுக்கத்தான் பயன்படுத்தினார். காலையில் வந்து குடையை மேசையில் வைத்ததும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஒரே மூச்சில் சொல்வார்: "அலுமாரியத் தொறந்து சோக்க எடு, பலகையத் தொட, கெழக்குப் பக்க ஜன்னல மட்டும் தொற, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்கள வட்டமா உக்கார வை, கடைசியா மணிய அடி." பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்து, "அவ சரியாச் செய்றாளான்னு கவனிங்க" என்பார். நாங்கள் கண்கொட்டாமல் கவனிப்போம். அடுத்தவர் எங்கே சறுக்குவார் என்று கவனிப்பதில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை.

இதற்குப் பெயர் காலை வேலை. அலுமாரிச் சாவி, சிவப்பு நாடாவில் கோத்தது, அந்தப் பிள்ளையின் கழுத்தில் தொங்கும். அது மேல் லயத்துப் பிள்ளையின் கழுத்தில் தொங்கியது. ஐந்து வேலையையும் ஒருமுறைதான் கேட்பாள். திரும்பிக் கேட்கமாட்டாள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போவது, தண்ணீர் கானில் இறங்குவது மாதிரி இருக்கும். ஒன்றாம் வகுப்புக்காரன் எவனாவது அழுதால் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டே ஜன்னலைத் திறப்பாள், மணியை மறக்கமாட்டாள். மணி என்பது தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அவள் அடித்தால் தொழிற்சாலை வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தம் என் வயிற்றில்தான் விழும்.

கணக்கிலும் அவள் முதல், நான் இரண்டாவது. வாசிப்பிலும் அவள் முதல், நான் இரண்டாவது. அம்மாவிடம் சொன்னால், "ரெண்டாவதா வந்தா என்னாடா, அவளுக்கு அடுத்தது நீதானே" என்பார். ஆறுதல் என்று நினைத்துச் சொல்வார்.

அதற்குப் பிறகு மேல் லயத்தில் சண்டை தொடங்கியது.

அந்தக் காலத்தில், இரண்டு அரசாங்கமும் செய்த குடியுரிமை ஒப்பந்தப்படி, எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இந்தியாவுக்குப் பதிந்தவர்கள், மீதிப் பேர் இங்கேயே இருக்கப் பதிந்தவர்கள். ஒரு குடும்பம் இருக்கிற ஒரே காம்பராவுக்குள் இரண்டு வகையும் உண்டு. அவளுடைய அப்பாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. திருச்சிப் பக்கம் ஏதோ ஓர் ஊர், அவர் பார்த்ததில்லை, அவருடைய அப்பா சொல்லிக் கேட்டது. போய்விடுவோம் என்றார். அவளுடைய அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் இங்கே. "அங்க போயி யார் மூஞ்சியப் பாக்குறது" என்றார். பேக்கரிப் பாணுக்கு வரிசை, மாவுக்கு வரிசை, கூப்பனுக்கு அரிசி அரைக்கொத்து என்றிருந்த வருஷம் வேறு. அவளுடைய அப்பா குடித்துவிட்டு வந்து, போவோம் என்பார். காலையில் வெறி தெளிந்து, இங்கேயே இருப்போம் என்பார். ஒரு கிழமை சாமான்களைக் கட்டுவார்கள், மறு கிழமை அவிழ்ப்பார்கள். லயத்துச் சுவர் கூரையைத் தொடாது. ஒரு காம்பராவில் சண்டை என்றால் வரிசை முழுவதுக்கும் அதுதான் வானொலி. எங்களுக்குப் பால் கொண்டுவரும் பெண் காலையில் அதைச் செய்தியாக வாசித்துவிட்டுப் போவார். "நேத்து அண்டா பறந்துச்சுங்க" என்று தொடங்குவார். நான் பால் குடித்துக்கொண்டே கேட்பேன்.

கைப்பிள்ளை ஒருவன் இருந்தான் அவர்கள் வீட்டில். சண்டையில் யாரும் யாருக்கும் சமைக்காத நாட்களில் அவனை எழுப்பி, கழுவி, பிள்ளைக் காம்பராவில் கொண்டுபோய் விடுவது அவள் வேலையானது. தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது.

ஒரு நாள் காலை வேலையில் மணியை முதலில் அடித்துவிட்டாள். தூறலில் இன்னும் வழியில் இருந்தவர்களெல்லாம் ஓடிவந்து பார்த்தால் பலகை துடைக்கவில்லை, ஜன்னல் திறக்கவில்லை. அவள் மண்டபத்தின் நடுவில் நின்றாள். படி இருக்கிறது என்று காலை வைத்தவர், படி இல்லாமல் போனால் ஒரு கணம் நிற்பாரே, அந்த மாதிரி. மறுநாள் சோக்கை எடுத்தாள், அதைக் கையில் வைத்துக்கொண்டே சோக்கைத் தேடினாள். வாய்ப்பாடு பன்னிரண்டு வரைக்கும் தலைகீழாகத் தெரிந்தவள், ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் ஒன்பதாவதுக்குத் தாவினாள். பென்சிலைத் தொலைத்தாள். ஒருவன் தெரியாமல் இடித்ததற்கு அவன் சிலேட்டைப் பிடுங்கிப் போட்டாள். முன்பெல்லாம் அவள் அப்படிச் செய்கிறவள் அல்ல.

இப்போது படித்தவர்கள் இதற்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். நெற்றிக்குப் பின்னால் மூளையில் ஒரு நிர்வாகம் நடக்கிறதாம். எதை முதலில் செய், எதைப் பிறகு செய், எதை நினைவில் வை, எந்தக் கோபத்தை அடக்கு என்று சொல்கிற நிர்வாகம். பிள்ளைக்கு நெருக்கடி வந்தால் முதலில் இளைப்பது அதுதானாம். நான் இதைத் தடித்த புத்தகங்களில் படித்தபோது எனக்குப் பெரட்டுக் களம்தான் ஞாபகம் வந்தது. ஒரு நாள் அப்பா காய்ச்சலில் படுத்துவிட்டார், தோட்டத்தை நடத்துகிற துரையும் ஊரில் இல்லை. ஆட்கள் எல்லாரும் வழக்கம்போல வந்து நின்றார்கள். கூடை இருந்தது, கத்தி இருந்தது, மலை அங்கேயேதான் இருந்தது. பிரித்துவிட ஆள் இல்லை. ஒரே மலைக்கு எல்லாரும் போனார்கள், கொழுந்து முற்றியிருந்த மலைக்கு ஒருவரும் போகவில்லை. அவள் தலைக்குள் நடந்தது அதுதான். வாய்ப்பாடு, வாசிப்பு, ஐந்து வேலை எல்லாம் உள்ளே வந்து நின்றன. பிரித்துவிடுகிறவர் மட்டும் இரவு முழுக்க அண்டா பறப்பதைக் கேட்டுக்கொண்டு விழித்திருந்தார்.

இதை அப்போது விளங்கிக்கொண்டேன் என்று எழுதினால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அப்போது எனக்கு விளங்கியது, சாவி இனி என் கழுத்துக்கு வரும் என்பது மட்டும்தான். தவணைப் பரீட்சையில் நான் முதல். அவள் பதினோராவது. வகுப்பில் பதின்மூன்று பேர். விடைத்தாளை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போய் நின்றேன். "நல்லது, உக்காரு" என்றார். பார்வை எனக்கு மேலால் கடைசி வரிசைக்குப் போனது. முதலிடம் என்பது உட்காருகிற ஒரு பலகை என்று நினைத்திருந்தேன். அது டீச்சரின் கண் போகிற இடம். நான் பலகையைப் பிடிப்பதற்குள் கண் இடம் மாறிவிட்டது.

சாவியும் வரவில்லை. டீச்சர் அவளையேதான் கூப்பிட்டார். ஆனால் ஐந்தையும் ஒன்றாகச் சொல்லவில்லை. "சோக்க எடு" என்பார். அவள் எடுப்பாள். "ம். பலகை." துடைப்பாள். "இப்ப ஜன்னல்." முன்பு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது இப்போது இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. அவள் நடுவில் நின்றுவிட்டால் டீச்சரும் பேசாமல் இருப்பார். அவசரப்படுத்தமாட்டார். யாராவது சிரித்தால் அவனுக்கு மட்டும் மண்டபத்தைக் கூட்டுகிற வேலை.

நான் வெந்துபோனேன். ஐந்தையும் தலையில் தூக்கத் தயாராக நிற்கிறேன், எனக்கு ஒன்றும் இல்லை. இரண்டைத் தூக்க முடியாதவளுக்கு ஐந்தையும் ஒவ்வொன்றாக ஊட்டிவிடுகிறார். உலகத்தில் நியாயம் இல்லை என்ற முடிவுக்குச் சிலர் அரசியலால் வருவார்கள், சிலர் கல்யாணத்தால் வருவார்கள். நான் அந்தச் சோக்குத் துண்டால் வந்தேன்.

அதற்குப் பிறகு அவளுடைய பை விஷயம் நடந்தது.

காலையில் மணி அடிக்க நேரமாகிறது, அவளைக் காணோம். கொஞ்ச நேரத்தில் வந்தாள், இடுப்பில் தம்பி. அவன் மூக்கொழுகிக்கொண்டு எங்களை எல்லாம் ஆராய்ந்தான். அவள் நேரே தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, சிலேட்டை எடுக்கக் கையை நீட்டினாள். பை இல்லை. மடியில் இருந்த பிள்ளையை, இது எப்படி இங்கே வந்தது என்பது மாதிரிப் பார்த்தாள். அந்த நேரம் பிள்ளைக் காம்பரா ஆயம்மா மூச்சிரைக்க ஏறிவந்து வாசலில் நின்றார். கையில் அவளுடைய பள்ளிக்கூடப் பை.

"டீச்சர், இத என்கிட்ட குடுத்துட்டு வந்துருச்சு இந்தப் புள்ள. தொட்டில்ல போட்டுட்டேங்க. பால் மட்டும் எப்படிக் குடுக்குறதுன்னு தெரியல."

மண்டபம் வெடித்தது. ஆயம்மாவும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. எழுந்து நின்று, பையை வாங்குவதா பிள்ளையைக் கொடுப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் இரண்டு கையையும் நீட்டினாள். டீச்சர் எழுந்து போய்ப் பையை வாங்கினார். "ஆயம்மா, புள்ள தூங்கப் போகுது, இங்கயே இருக்கட்டும். நீங்க போங்க" என்றார். தன் மேசையில் ஒரு சால்வையை விரித்து அந்தப் பயலைக் கிடத்தினார். அவன் டீச்சரின் மேசையில், டீச்சரின் சால்வையில், டீச்சரின் சிவப்பு மை போத்தலுக்குப் பக்கத்தில் தூங்கினான். அவள் தலையை டீச்சர் ஒருதரம் தடவிவிட்டுப் போனார்.

அந்த நிமிஷம் நான் முடிவு செய்தேன்.

பள்ளிக்கூடம் போகிற வழியில் அப்பாவுக்கான தேத்தண்ணிப் போத்தலும் ரொட்டியும் உள்ள துணிப்பையை, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்துக் கல்லில் வைத்துவிட்டுப் போவது என் தினசரி வேலை. அன்றைக்குச் சிலேட்டும் வாசிப்புப் புத்தகமும் இருந்த பையை அங்கே வைத்தேன். தேத்தண்ணிப் பையோடு பள்ளிக்கூடத்துக்குப் போய் என் இடத்தில் உட்கார்ந்து, கையை விட்டேன், போத்தலை எடுத்தேன், திடுக்கிட்டேன். நன்றாகத்தான் திடுக்கிட்டேன். பக்கத்தில் இருந்தவன்கூட "ஐயோ" என்றான்.

டீச்சர் வந்தார். போத்தலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்தேன், தடவ வசதியாக.

"நீ மறக்கல" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "மறந்த புள்ள பையத் தேடும். நீ என் மூஞ்சியப் பாக்குற. ஓடு, அப்பாவுக்கு ஆறிப்போகும்."

மேலே மலையில் அதற்குள் நடக்கவேண்டியது நடந்துவிட்டது. முதல் நிறுவை முடிந்து, நிரையில் கொழுந்து பறித்த பெண்கள் எல்லாரும் சூழ்ந்து நிற்க, அப்பா கல்லில் உட்கார்ந்து பையைப் பிரித்திருக்கிறார். உள்ளேயிருந்து சிலேட்டை எடுத்ததும் ஓர் அம்மா சொன்னாராம்: "கணக்கப்பிள்ளை ஐயாவ இன்னைக்கு ஒண்ணாம் வகுப்புல சேக்குறாங்க போலருக்கு." இன்னொருவர், "பாத்துங்க ஐயா, எங்க கொழுந்துக்கும் சரியா கணக்குப் போடப் படிச்சுக்கங்க" என்றாராம். நிறுவையில் அரை றாத்தல் குறைத்துப் போடுகிறார் என்று அப்பா மேல் ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்தது. அன்றைக்கு அது சிரிப்போடு வெளியே வந்தது. தேத்தண்ணியோடு நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பெல்ட்டால் சொன்னார்.

அந்த அடியோடு முடிந்திருந்தால் இதை எழுதவேண்டிய தேவை இருந்திருக்காது. அப்பா பேச்சை நிறுத்தினார். என்னோடு மட்டும் இல்லை, அம்மாவோடும். என்னைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றியது அம்மாவின் குற்றம். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைப்பார். சுவரைப் பார்த்துச் சொல்வார்: "டயகமவுல இவன் அத்தை வீட்டுக்கு அனுப்பிரலாம். அங்க இருந்து படிக்கட்டும். இங்க இருந்து என் மானம் போனது போதும்." மறுநாள் சொல்லமாட்டார். அதற்கு மறுநாள் மறுபடி சொல்வார். அத்தை பிள்ளைகளை அடிப்பதில் அப்பாவுக்கே வாத்தியார். போகவேண்டுமா, வேண்டாமா, எப்போது என்று ஒருவரும் சொல்லவில்லை. அம்மா என் சட்டைகளைத் துவைத்து மடித்து ஒரு பக்கமாக வைத்தார். அது அனுப்புவதற்கா, சும்மா மடித்ததா என்று நான் இரவில் மூன்று முறை எழுந்து பார்த்தேன்.

அப்போது எனக்கு நிஜமாகவே அந்த மறதி வந்துவிட்டது.

அம்மா, கூப்பனுக்குச் சாமான் கொடுக்கிற சங்கக் கடைக்கு அனுப்பினார். கூப்பனைக் கொடுத்துப் பாண் வாங்கு, வரும்போது தையல்காரரிடம் அப்பாவின் காற்சட்டை. இரண்டே வேலை. வரிசையில் வெகுநேரம் நின்று, என் முறை வந்ததும், கூப்பனை நீட்டி, "அப்பாவோட காற்சட்ட" என்று கேட்டேன். கடைக்காரர் கூப்பனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுக்கு இன்னும் கூப்பன் போடலியே தம்பி" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பாண் என்ற சொல் எனக்குத் தெரியும், வயிற்றுக்கே தெரியும். வாய்க்கு மட்டும் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஏதாவது கேட்டால், கேள்வியின் முதல் பாதி காதில் நிற்கும், இரண்டாம் பாதி வருவதற்குள் முதல் பாதி போய்விடும். ஒரு சப்பாத்து எனது, ஒன்று அம்மாவின் செருப்பு என்று ஒரு நாள் போனேன். நான் ஒத்திகை பார்த்தபோது இப்படி ஒரு நுணுக்கம் எனக்குத் தோன்றவே இல்லை. டீச்சர் என் காலைப் பார்த்துவிட்டு, "இன்னமும் விடலியா நீ" என்றார். நடிக்கிறேன் என்று நினைத்தார். குற்றம் சொல்ல முடியாது, முந்தின நாடகத்துக்கு அவர்தான் முதல் பார்வையாளர்.

ஆகவே பொறாமை இன்னும் தடித்தது. அவள் மறந்தால் அது துக்கம், நான் மறந்தால் அது குறும்பு. அவளுக்கு இந்தியா, எனக்கு டயகம. துயரத்தில்கூட எனக்குக் கிடைத்தது பஸ் போகிற தூரம்தான்.

ஒரு நாள் டீச்சர் என்னைச் சோதிக்கவோ என்னவோ, வரைபடத்தைச் சுருட்டிவைத்துவிட்டு, ஐந்தாம் வகுப்புக் கொப்பிகளை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். வரைபடத்துக்கு முன்னால் போய் நின்றேன். நின்றேன். பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல், "சுருட்டு" என்றது. சுருட்டினேன். "இப்ப கொப்பி." எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவே இல்லை. தன் பையைத் தேட முடியாத பிள்ளைக்கு, என் முகத்தைப் பார்த்ததும் இது நிஜம் என்று தெரிந்திருக்கிறது. நன்றி வந்திருக்கவேண்டும். இவளுக்கு இதுவும் தெரிகிறதே என்று எரிச்சல்தான் வந்தது.

அந்த மாதத்தில்தான் அவளுடைய அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வேலைக்குப் போகாத நாள். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். மழை கூடி, மண்டபம் இருண்டிருந்தது.

"டீச்சர், இவள நிப்பாட்டிக்கலாம்னு வந்தேங்க" என்றார். "தலையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. வீட்ல இருந்தா சின்னவனையாச்சும் பாத்துக்கும். எப்படியும் போறவங்கதானே நாங்க."

அவள் சிலேட்டில் குனிந்தாள். எழுதவில்லை. எல்லாருக்கும் தெரியும், அப்படி நிறுத்தப்பட்ட பிள்ளை திரும்பி வந்ததே இல்லை. எங்கள் லயங்களில் ஒவ்வொரு வரிசையிலும் அப்படி ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு நின்று நாங்கள் பள்ளிக்கூடம் போவதைப் பார்ப்பாள்.

"போற தேதி வந்துருச்சுங்களா?" என்றார் டீச்சர்.

"இல்லீங்க."

"போறதுன்னு முடிவாயிருச்சுங்களா?"

"அதுவும்... இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்கோம்."

"சரி, உக்காந்து பேசுவோம். மழை வந்துருச்சு, ஒரு கை ஒதவி பண்ணுங்க. அந்த மேக்குப் பக்க ஜன்னலச் சாத்திட்டு, மூலையில இருக்க வாளிய ஒழுகுற எடத்துல வச்சுட்டு, அஞ்சாம் வகுப்புப் புள்ளைங்கள வாசிக்கச் சொல்லிட்டு வாங்க."

அவர் தலையாட்டினார். நல்ல உழைப்பாளி, தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று அப்பாவே சொல்வார். வாளியை எடுத்தார். ஜன்னலுக்குப் போனார். வாளி கையில் இருந்ததால் சாத்த முடியவில்லை. வாளியை ஜன்னல் விளிம்பில் வைக்கப் பார்த்தார், திரும்ப எடுத்தார். ஒழுகுகிற இடத்தைத் தேடி மேலே பார்த்தார். முகத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அதைத் துடைத்துக்கொண்டு, வாளியோடு, மண்டபத்தின் நடுவில், அவருடைய மகள் எத்தனையோ நாள் நின்ற அதே மாதிரி நின்றார். யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் சொல்லித் தடுக்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அவள் எழுந்து போனாள். "அப்பா, வாளிய இங்க வைங்க." வைத்தார். "இப்ப ஜன்னல்." போய்ச் சாத்தினார். "நான் அவங்கள வாசிக்கச் சொல்லிக்கிறேன். நீங்க உக்காருங்க."

வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். தலைத்துண்டை மடித்து மடியில் வைத்தார்.

"ராத்திரி சரியாத் தூக்கம் இல்லீங்க டீச்சர்" என்றார்.

"அவளுக்கும்தாங்க" என்றார் டீச்சர்.

அவ்வளவுதான் பேச்சு. தகரத்தில் மழை அடித்ததில் வேறு ஏதும் பேசியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. எழுந்து போகும்போது அவளுடைய அப்பா, "நாள் வர்ற வரைக்கும் வரட்டுங்க. சின்னவன நானே கொண்டுபோயி விட்டுக்கிறேன்" என்றார். அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, ஏழாம் வாய்ப்பாட்டை ஆரம்பத்திலிருந்து எழுதினாள்.

நல்ல பிள்ளை என்றால் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியிருக்கவேண்டும். எனக்கு வந்த யோசனை வேறு. எங்கப்பா எந்த மண்டபத்திலாவது எனக்காக இப்படி ஒரு வாளியோடு நிற்பாரா? வாளி விழுந்த சத்தம்தான் கேட்கும் என்று தோன்றியது. அவளிடம் நான் பொறாமைப்பட மிச்சமிருந்த கடைசிச் சாமான் அவளுடைய குடிகார அப்பா. அதையும் விடவில்லை.

பிறகு அவர்கள் வீட்டில் முடிவு வந்தது. போவது என்று. அந்த அம்மா அழுதுதான் ஒத்துக்கொண்டார் என்று பால்காரப் பெண் சொன்னார். அதிசயம் என்னவென்றால், தேதி குறித்த அந்தக் கிழமையிலேயே அவளுக்கு எல்லாம் திரும்பி வந்தது. அழுத கண்ணோடு வந்தாள், ஆனால் பை சரியாக இருந்தது, பென்சில் இருந்தது. டீச்சர் "சோக்க எடு" என்று தொடங்க, அவள் மீதி நாலையும் தானே முடித்து மணியில் போய் நின்றாள். துக்கம் அவளை மறக்க வைக்கவில்லை. போவோமா இருப்போமா என்பதுதான் வைத்தது. எனக்கும் அப்படித்தான். அப்பா ஒரு சாயந்தரம் சாப்பிட்டுக்கொண்டே, "டயகமவும் வேணாம், ஒண்ணும் வேணாம், உப்பப் போடு" என்றார். அடுத்த நாளே என் காலில் ஒரே சோடிச் சப்பாத்து இருந்தது.

அவர்கள் தலவாக்கலையில் ரயில் ஏறினார்கள். தோட்டமே போய் அழுதது. நான் போகவில்லை, தலைவலி என்றேன். அடுத்த திங்கட்கிழமை சிவப்பு நாடாவில் கோத்த சாவி என் கழுத்துக்கு வந்தது. ஐந்து வேலையையும் ஒரு பிழை இல்லாமல் செய்தேன். கடைசியாக மணியை ஓங்கி அடித்துவிட்டு டீச்சரைப் பார்த்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எண்பதுகளின் நடுவில், நானும் சம்பளம் வாங்குகிறவனாகிவிட்ட பிறகு, தலவாக்கலை பஸ் நிலையத்தில் டீச்சரைச் சந்தித்தேன். ஹட்டன் பஸ்ஸுக்கு நின்றார், கொஞ்சம் நரைத்திருந்தது. அந்தக் காலத்தில் கிடைத்த புத்தகங்களையெல்லாம் நான் படித்து முடித்திருந்த சமயம். படித்ததை இறக்கிவைக்க ஆள் கிடைக்காமல் திரிந்தேன். விடவில்லை. நெருக்கடியில் இருக்கும் பிள்ளையின் மனம் பற்றி, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பதன் மகத்துவம் பற்றி, பொறுப்பைப் பறிக்காமல் அந்தப் பிள்ளையைத் தாங்கிப் பிடித்தது பற்றி, எந்தப் பயிற்சியும் இல்லாமல் அதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பது பற்றி, பஸ் வரும்வரை பேசினேன். அந்தக் காலை வேலைக்காக நான் பட்ட பொறாமையையும் சொன்னேன். 

டீச்சர் பொறுமையாகக் கேட்டார். பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"அதுக்காகவா தம்பி இவ்வளவு கஷ்டப்பட்டீங்க? நான் குறுக்குப் பாதையில தேயிலைக்குள்ளால நடந்து வருவேன், சேலைக்குள்ள முழங்கால் வரைக்கும் அட்டை ஏறியிருக்கும். அதப் பிடுங்கி எறியுற வரைக்கும் உங்க எல்லாரையும் வேற பக்கம் பாக்க வைக்கணுமே. அந்தப் புள்ளைக்கு ஒவ்வொண்ணா சொன்னா, எனக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கெடச்சுது."